எரியவைத்துப் பார்த்த டிக்கட்

நான் யாரையும் எளிதில் நம்புவதில்லை. என்னை மட்டும் நம்பினேன். அதில்தான் கெட்டேன்.

2008இல் என் மனைவியின் ஒரே தங்கைக்குத் திருச்சியில் கல்யாணம். மாத்தளையிலிருந்து நாங்கள் இருவரும் போக வேண்டும். யுத்த காலம்; கொழும்புக்குப் போய் விமான டிக்கட் எடுப்பதென்றால் வழியெல்லாம் சோதனைச் சாவடியில் இறக்கி, யார், எங்கே, ஏன் என்று ஆமிக்காரர்கள் கேட்பார்கள். (எனக்குத் தெரிந்தவர்களிடமே பேச்சு வராது.) அதனால் கடைவீதியில் இன்டர்நெட் கடை வைத்திருந்த ரிஸ்வான் நானாவிடம் போனேன். (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்போம்.) அவர் ஏதோ ஒரு பயண இணையதளத்தில், தன் கார்டிலேயே இரண்டு டிக்கட் போட்டுத் தந்தார். ஒரு நாளைக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்புமாம். அதையும் வாசித்துக் காட்டினார்.

இரவெல்லாம் எனக்கு மனம் ஆறவில்லை. முகம் தெரியாத கம்பனி. திருப்பித் தருவான் என்று எப்படி நம்புவது? நான் வேலை செய்தது மின்சாமான் கடையில். ஒரு பல்பைக்கூட எரியவைத்துக் காட்டாமல் விற்றதில்லை. விடிந்ததும் நானாவிடம் ஓடினேன்.

"நானா, அந்த கேன்சல் வேலை செய்யுதான்னு ஒருக்கா பார்ப்போமா?"

அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்கும் போல. "அமுக்கவா?" என்றார்.

"அமுக்குங்க."

அருமையாக வேலை செய்தது. நல்ல கம்பனிதான் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். பிறகு, டிக்கட்டைத் திரும்பப் போடச் சொன்னேன். அந்தத் தேதியில் இடம் இல்லை. முந்தின நாள்களிலும் இல்லை. சென்னை வழியாகவும் இல்லை. கிடைத்தது கல்யாணத்துக்கு மறுநாள்.

மனைவி பட்டுச் சேலையைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

"நம்ம கல்யாணத்துக்கு இந்த வசதி இருந்துச்சாங்க?"



நாங்கள் திருச்சிக்குப் போனபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவோடு ஒரு படமாவது வேண்டும் என்று தங்கை அழுதுகொண்டே முகூர்த்தச் சேலையை மறுபடி கட்டினாள். மாப்பிள்ளையின் வேட்டி சலவைக்குப் போயிருந்தது. பட்டுச் சட்டையை மட்டும் மாட்டிக்கொண்டு வந்து, "இடுப்புக்கு மேல எடுங்கண்ணே" என்று கேமராவை என்னிடம் தந்தார்.

எதற்கும் இருக்கட்டும் என்று நான் முழுதாகவே எடுத்தேன்.

அந்தப் படம்தான் இன்றும் அவர்கள் வீட்டு முன்னறையில் தொங்குகிறது. வருகிறவர்கள் மாப்பிள்ளையின் கட்டம் போட்ட கைலியைப் பார்த்ததும் காரணம் கேட்பார்கள். தங்கை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்குவாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவேன்.