சம்பந்தியம்மாவுக்கு நான் காட்டிய தீவு

பெருமைக்காகச் சொன்ன வார்த்தை வாயை விட்டு இறங்கியதும் தானாகவே நடக்க ஆரம்பித்துவிடும். பின்னால் ஓடிப் பிடிக்க நம்மால் ஆகாது. என் வார்த்தை ஏரிவரைக்கும் நடந்துபோய்ச் சேற்றில் நின்றது.

என் மகன் சிவா ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறான். சேர்ந்தாற்போல லீவு வந்தால் 'லாங் வீக்கெண்ட்' என்பான். உடனே மருமகளைக் கூட்டிக்கொண்டு பெங்களூரில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவான். வேப்பனப்பள்ளிப் பக்கம் பெற்றவர்கள் இரண்டு பேர் இருக்கிறோம் என்பது அவனுக்கு ஞாபகமே வராது.

போனில் சம்பந்தி சரோஜம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டேன். "உங்க ஊர்ல வந்து புள்ளைங்க என்னாத்த பாக்கும் சம்பந்திம்மா? மாங்கா மரந்தானே?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "எங்க ஊர்ல தீவு இருக்குது" என்றேன்.

"ஹௌதா? நெஜமாவா? தீவா?"

"ஆமா. சுத்தியும் தண்ணி. குடியரசு தின லீவுக்கு எல்லாரும் வாங்க. மூணு நாளும் அங்கியே ஆக்கித் தின்னுட்டு, அங்கியே படுத்துக்கலாம்."

(பொய்யில்லை. எங்கள் ஏரிக்கு நடுவில் ஒரு மேடு உண்டு. கருவேல மரங்களும் கொக்கு எச்சமும் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் சுற்றிலும் தண்ணீர் நின்றால் அது தீவுதானே?)

இந்த லீவை நான் ஜெயித்துவிட்டால் அடுத்தடுத்த லீவெல்லாம் எனக்குத்தான். அந்த நினைப்பிலேயே எனக்குக் கால் தரையில் படவில்லை. தக்காளி லாரிக்காரரிடம் தார்ப்பாய் வாங்கினேன். ராகி அரைத்தேன். களி கிண்டும் தடி, கம்பளி, தீவைக் கூட்டுவதற்குத் துடைப்பம், உயிரோடு ஒரு சேவல் என்று வாசல் நிறைந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ஏம்மே, லீவுக்குப் போறியா, தனிக்குடித்தனம் போறியா?" என்றார்.

"நீங்க பரிசல்காரருகிட்ட பேசுங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

இதற்கு நடுவில் நட்ட நெல் தண்ணீரில்லாமல் வாட ஆரம்பித்தது. மதகைத் திறக்கச் சொல்லி ஊர்ப் பெண்கள் எல்லாம் ஏரி அதிகாரியைப் பார்க்கப் போனோம். முன்னால் நின்று பேசியது நான்தான். "நெல்லு காஞ்சா நீங்க வந்து கண்ணீரு வுட்டுப் பாச்சுவீங்களா?" என்று கேட்டேன். மனிதர் ஒத்துக்கொண்டார். மதகு திறக்கும்போது ஊரில் மூத்த சுமங்கலி தேங்காய் உடைப்பது எங்கள் வழக்கம். அதுவும் நான்தான். ஒரே போடு, சரிபாதியாகப் பிளந்தது. நல்ல சகுனம் என்றார்கள். தண்ணீர் புரண்டு ஓடுவதைக் கும்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தீவுக்கு முறுக்குச் சுட்டேன்.

வயல் தண்ணீர் வேறு, தீவுத் தண்ணீர் வேறு என்று என் மண்டைக்குள் யார் வரப்புக் கட்டினார்களோ தெரியவில்லை. சாமான் கட்டும் மும்முரத்தில் ஏரிப் பக்கம் அப்புறம் எட்டியும் பார்க்கவில்லை.

லீவு வந்தது. பெங்களூரிலிருந்து வந்த காரில் சரோஜம்மா லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டே இறங்கினார். (பட்டுப் புடவைக்கு மேல். ஆரஞ்சுக் கலர்.) சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் முன்னால் நடக்க, மகனும் மருமகளுமாக எல்லோரும் ஏரிக்கரை மேல் ஏறினோம்.

மேடு இருந்தது. சுற்றிலும் தண்ணீர்தான் இல்லை. கரையிலிருந்து மேடுவரைக்கும் கறுப்புச் சேறு. மேட்டின்மேல் எருமைகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

சரோஜம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எருமைங்க நீஞ்சிப் போச்சா?" என்றார்.

"நடந்துதாம்மா போச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

கரையில் கவிழ்த்த பரிசல்மேல் உட்கார்ந்திருந்த பரிசல்காரரை அதட்டினேன். "என்னாப்பா பாத்துட்டே இருக்கற? பரிசலைத் தள்ளு."

"தண்ணி எங்க இருக்குதுன்னு காட்டுங்கக்கா, தள்றேன். தொறந்து வுடச் சொல்லி அதிகாரியோட சண்டை போட்டதும் நீங்க. தேங்கா ஒடச்சதும் நீங்க."

சம்பந்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். மகன் வானத்தைப் பார்த்தான். இனி லீவெல்லாம் ஆயுசுக்கும் பெங்களூர்தான். விடுவேனா? "பரிசல் எதுக்கு? நடந்தே போலாம், வாங்க" என்று இறங்கினேன். இரண்டாவது எட்டில் முழங்கால்வரை புதைந்தேன். சேவல் என் தலைமேல் ஏறி, அங்கிருந்து பறந்து, கத்திக்கொண்டே மேட்டைப் போய்ச் சேர்ந்தது. எங்கள் கூட்டத்தில் தீவுக்குப் போனது அது மட்டும்தான்.

என்னைத் தூக்கிவிடக் கை நீட்டிய சரோஜம்மாவும் வழுக்கி, பட்டுப் புடவையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆரஞ்சுக் கலர் கறுப்பாகிவிட்டது.

"முங்கல பாத்தீங்களா சம்பந்திம்மா?" என்று லைஃப் ஜாக்கெட்டைத் தட்டிக் காட்டினார். "காசு வீணாப் போகல."

அதற்குமேல் அவராலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. சிரித்த சிரிப்பில் இன்னும் நாலு விரல்கடை புதைந்தோம். பரிசல்காரர் கயிறு போட்டு இழுத்தார்.

தார்ப்பாயை எங்கள் வயலோரம், வாய்க்கால் பக்கத்திலேயே கட்டினோம். வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு களியும் கோழிக் குழம்பும் தின்ற சரோஜம்மா (இது வேறு கோழி) லீவு முடியும்வரை எழுந்திருக்கவே இல்லை. இப்போதெல்லாம் லாங் வீக்கெண்ட் வந்தால் பிள்ளைகளை இங்கே இழுத்துக்கொண்டு வருவதே அவர்தான்.

ஆனால் எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் நாலு பேருக்குக் காட்டுகிறார். "இவங்கதான் எங்க சம்பந்தி. சொந்தமா தீவு வெச்சிருந்தாங்க. நெல்லுக்குப் பாச்சிட்டாங்க."

அந்த வருஷம் நெல் எப்படி விளைந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.