அன்னாரும் சுற்றாத காற்றாடியும்

அன்னாரின் கணினியை எரித்தது இடி இல்லை. நான்தான். இதை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் கதை சொல்லும் சுவாரசியத்தில் இந்த இடத்தை மெல்லத் தாண்டிப் போய்விடுவேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கும் டயகமவுக்கும் இடையில் அன்னார் சொல்லாமல் எவரும் செத்ததில்லை. மூச்சு நின்றிருக்கலாம், டொக்டர் பார்த்துச் சொல்லியிருக்கலாம், சவப்பெட்டிகூட வந்திருக்கலாம். ஆனால் கூரையில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் வந்து நின்று, அன்னாரின் குரல் பெயரையும் ஊரையும் சொல்லி முடிக்கும்வரை அந்த மரணம் வெறும் வதந்திதான். ஒருமுறை வழியில் ஆட்டோ டயர் வெடித்துத் தாமதமாகிவிட, அது வரும்வரை சொந்தக்காரர்கள் அழாமல் காத்திருந்தார்கள் என்று சொல்வார்கள். நான் முழுதாக நம்பவில்லை. பாதி நம்புகிறேன்.

எங்கள் பக்கத்து மரண அறிவித்தலில் செத்தவரின் பெயரை ஒருமுறைதான் சொல்வார்கள். அடுத்த வரியிலிருந்து அவர் ‘அன்னார்’ ஆகிவிடுவார். அன்னார் இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னாரின் அன்பு மருமகனும் ஆவார் என்று போகும். இந்த அறிவித்தல்களைப் பேசிப் பதியும் ஒலிப்பதிவுக்காரரின் வாயில் இந்தச் சொல் வந்த அளவுக்கு வேறெதுவும் வந்ததில்லை என்பதால் ஊர் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டது. உயிரோடு நடமாடும்போதே அன்னார் ஆனவர் அவர் ஒருவர்தான்.

தொழிலை அவர் கடைக்கும் கொண்டுபோவார். தேநீர்க் கடையில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, அதே கனத்த குரலில், “ஹட்டனைப் பிறப்பிடமாகவும் இந்தப் பெட்டியை வசிப்பிடமாகவும் கொண்ட இந்த வடை எப்ப சுட்டதுங்க?” என்று கேட்பார். கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல், “நேத்தே காலமாயிருச்சுங்க” என்பார்.

நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன்; ஊருக்கு ‘சேர்’. அவருடைய ஒலிப்பதிவு அறை என் வீட்டுக்கு அடுத்த கட்டடத்தில் இருந்தது. ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு மைக், சத்தத்தை அடக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை. சாயங்காலங்களில் போய் உட்கார்ந்திருப்பேன். பதிவு நடக்கும்போது நான் மூச்சு விடுவதும் அவருக்குப் பிடிக்காது. வெளியே சேவல் கூவினால் நிறுத்திவிட்டு, அதன் சொந்தக்காரரிடம் போய்ச் சண்டை பிடித்துவிட்டு வந்துதான் மீதியைப் படிப்பார்.

அவருடைய கொள்கை ஒன்றே ஒன்றுதான். பெயரைச் சொன்னதும் நிறுத்த வேண்டும். மூன்று மூச்சு அளவுக்கு ஒரு சத்தமும் இருக்கக்கூடாது. ஏன் என்று கேட்டேன். “கேக்குறவங்க மனசுல அந்த ஆளு வந்து நின்னுட்டுப் போக நேரம் வேணும்ல சேர்” என்றார்.

தொல்லை என்னவென்றால், அந்த மௌனத்தில் கணினிக்குள் இருந்த பவர் சப்ளை பேசியது. மின்சாரத்தை வாங்கி உள்ளே பிரித்துக் கொடுக்கும் அந்தப் பெட்டிக்கு ஒரு காற்றாடி உண்டு. பழைய காற்றாடி, கொர்ர் என்று இழுக்கும், கொஞ்சம் திணறும், மறுபடி இழுக்கும். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆட்டோ நின்று, பெயர் சொல்லி, மௌனம் வந்தது. செத்தவரின் மனைவி ஒப்பாரியை நிறுத்திவிட்டார். அது தன் புருஷனின் குறட்டைதான், இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியாதா என்று சாதித்தார். சவப்பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னார். தோட்டத்து மருந்தகத்திலிருந்து ஆளை வரவழைத்து மறுபடி நாடி பார்த்த பிறகுதான் தூக்க விட்டார். அதுவும் அரை மனதோடு.

அன்னாருக்கு அவமானம் தாங்கவில்லை. காற்றாடியை ஈர்க்குச்சியால் தடுத்துப் பார்த்தார்; புகை வந்தது. கணினியைத் தேயிலைக் கொழுந்துச் சாக்கால் போர்த்தினார். அது காய்ச்சல்காரன்போல் கொதித்து அணைந்தது. வயரை நீட்டி ஜன்னலுக்கு வெளியே தகரத்தின் கீழ் வைத்தார்; மறுநாள் உள்ளே ஒரு தவளை இருந்தது.

அப்போதுதான் என்னிடம் உண்மையைச் சொன்னார். அவர் பதிவு செய்ய விரும்பியது தன்னுடைய மரண அறிவித்தலை.

ஹட்டனில் புதிதாக ஓர் ஒலிப்பதிவுக்காரன் வந்திருந்தான். புல்லாங்குழல் போடுவான், குரலுக்கு எதிரொலி போடுவான். “நான் செத்தா அவன்தான் சேர் சொல்லுவான். என் பேரைச் சொல்லிட்டு எக்கோவை விடுவான். பேரு, பேரு, பேருன்னு நான் மூணு தடவ சாகணுமா?” என்றார். அதோடு தொண்டையும் கெட்டுக்கொண்டிருந்தது. குரல் இனி நாளுக்கு நாள் தேயும் என்று நுவரெலியா டொக்டர் சொல்லிவிட்டார். குரல் போவதற்குள், சத்தமே இல்லாத ஒரு மௌனத்தோடு, தன் அறிவித்தலைத் தானே சொல்லி முடித்துவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

சத்தமில்லாத பவர் சப்ளையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதே தகுதி. தொலைபேசியில் படித்துப் படித்துச் சொன்னேன். தேவைக்கு மேல் கொஞ்சம் வலுவானதை வாங்கினால் அது அலட்டிக்கொள்ளாது, சூடாகாது. தங்கத் தரம் என்றால் மின்சாரம் சூடாக வீணாவது குறைவு. எங்கே தங்கம் என்று பெட்டியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சில வகைகளில், வேலை குறைவாக இருக்கும்போது காற்றாடி சுற்றவே சுற்றாது என்றேன். அது அவருக்குப் பெரிய சந்தேகத்தைக் கிளப்பியது.

“சுத்தாத காத்தாடிய எதுக்கு சேர் உள்ள வச்சிருக்காங்க?”

“தேவைப்பட்டா சுத்தும்ணே.”

“தோட்டத்துல மேற்பார்வை பாக்குற கண்டாக்கு மாதிரிங்கிறீங்க.”

மொடியுலர் என்ற சொல்லையும் விளக்கினேன். சாதாரணப் பெட்டியில் எல்லா வயரும் குடல்போல வெளியே தொங்கும். இதில் ஒவ்வொரு வயரும் தனி. வேண்டியதை மட்டும் மாட்டலாம், மீதியைக் கழற்றி வைக்கலாம், உள்ளே காற்று தடையில்லாமல் போகும். அன்னார், சொந்தபந்தத்தையும் இப்படிச் செய்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றார்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர், சிங்களவர், தமிழும் பேசுவார். அன்னார் ஒவ்வொன்றையும் ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்க வேண்டும் என்றார். வெளியே பஸ்காரர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். முதலில் கடை விசிறியை நிறுத்தச் சொன்னார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு வெளியே போய், நுவரெலியா பஸ் டிரைவரிடம், ஒரு மரண விஷயம், எஞ்சினை நிறுத்துங்கள் என்று அறிவித்தல் குரலில் கேட்டார். டிரைவர் நிறுத்திவிட்டுத் தொப்பியையும் கழற்றினார். அந்த அமைதியில் அன்னார் ஒரு பெட்டியின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடினார். கடைக்காரர் என்னைப் பார்த்து, “மாத்தயா தூங்கிட்டாரா?” என்று சிங்கள மரியாதையோடு கேட்டார்.

அந்தப் பெட்டியையே வாங்கினோம்.

தொண்டை நன்றாக இருந்த ஒரு காலையில் அன்னார் தன் அறிவித்தலைப் பதிந்தார். என்னை வெளியே நிறுத்திவிட்டார். முடிந்ததும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். பெயருக்குப் பிறகு வந்த மௌனத்தில் உண்மையாகவே எதுவும் இல்லை. நான் அவரைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது, இருக்கிறாரா என்று. “‘இன்று காலமானார்’னு சொல்லிருக்கேன் சேர். என்னைக்குப் போட்டாலும் சரியா இருக்கும்” என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

சில மாதத்தில் அந்தப் பெட்டி ஊசிபோல மெல்லிசாகக் கத்த ஆரம்பித்தது. எனக்குக் கேட்கவில்லை, அவருக்குக் கேட்டது. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். அதே வகை கைவசம் இல்லாததால் வேறொரு கம்பெனியின் பெட்டி. அதுவும் மொடியுலர்தான். நானே மாட்டிவிடுகிறேன் என்றேன். ஒரு வீடியோ பார்த்திருந்தேன்.

பழைய வயர்கள் கணினிக்குள் நூலால் கட்டப்பட்டு அழகாக ஒதுங்கிக் கிடந்தன. அவற்றை அவிழ்க்கச் சோம்பல். பெட்டியை மட்டும் எடுத்துவிட்டு, அதே வயர்களின் முனையைப் புதுப் பெட்டியில் செருகினேன். கச்சிதமாகப் பொருந்தின. பொருந்தினால் சரிதான் என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் அந்த முனைக்குள் கம்பிகளைத் தன் இஷ்டப்படி வரிசை வைத்திருக்கிறது. ஐந்து வோல்ட் வர வேண்டிய இடத்துக்குப் பன்னிரண்டு போகும். வேறு வயரைப் பயன்படுத்தாதீர்கள் என்று பெட்டி மூடியின் உட்புறத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது, ஆங்கிலத்தில். வினாவை இருமுறை வாசி என்று வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளை அதட்டியவன் அதை ஒருமுறைகூட வாசிக்கவில்லை.

சுவிட்சைப் போட்டேன். டப் என்றது. ஒன்றுக்கொன்று காவலாக அவர் வைத்திருந்த இரண்டு டிஸ்க்குகளும் ஒன்றாகவே போயின. அவருடைய அறிவித்தல் அவற்றில்தான் இருந்தது.

அன்னார் எனக்குப் பிளேன்டீ வாங்கப் போயிருந்தார். கோப்பையோடு உள்ளே வந்து, என்ன வாடை என்று கேட்டார். கொத்மலைப் பக்கம் வானம் உறுமியது.

“இடிண்ணே. கரண்ட்ல வந்திருச்சு” என்றேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழைய வயர்களைக் கழற்றிச் சரியானவற்றை மாட்டினேன். திருத்திக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து எனக்கு நன்றி சொன்னார்.

அதன் பிறகு மேகம் கறுத்தால் போதும், வீட்டிலுள்ள பிளக்கையெல்லாம் பிடுங்கிவிடுவார். றப்பர் செருப்போடு தூங்கினார். ஊர் சிரித்தது, நானும் கூடச் சிரித்தேன். புது டிஸ்க் வந்து, மற்றவர்களின் அறிவித்தல்களைப் பழையபடி பதிந்தார். தன்னுடையதை மட்டும் தொடவில்லை. குரல் கரகரத்துத் தேய்ந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, இப்போதே பதியுங்கள் என்று நான்தான் வற்புறுத்தினேன்.

“வேணாம் சேர். சாவை நான் முந்திக்கிட்டேன்ல. அதான் மேலருந்து அழிச்சிட்டாங்க. திரும்பச் செஞ்சா அடுத்தது என் தலையிலதான் விழும்.”

என் பொய்யை அவர் தெய்வத்தின் கணக்கில் எழுதியிருந்தார். இது எனக்குத் தெரிந்த பிறகும் ஒரு மழைக்காலம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. அதற்குள் அவர் குரல் ஓட்டைப் பானை ஆகிவிட்டது. பிறகுதான் போனேன்.

“அண்ணே, அன்னைக்கு இடி விழல. பழைய வயரை மாட்டி நான்தான் எரிச்சேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அப்ப மேலருந்து யாரும் கை வைக்கல?”

“இல்லண்ணே.”

“நீங்கதான்?”

“நான்தான்.”

நீளமாக மூச்சு விட்டார். முகம் தெளிந்துவிட்டது. நல்ல வேளை என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு, “வெளிய போங்க சேர்” என்றார்.

சில நாள் கழித்து ஒலிபெருக்கி ஆட்டோ என் வீட்டு வாசலில் வந்து நின்றது. அவருடைய அந்தக் கிழிந்த குரலில், தலவாக்கலையை வசிப்பிடமாகக் கொண்டவரும், பெட்டியில் எழுதியிருந்த ஆங்கிலத்தை வாசிக்காதவருமாகிய ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் என்று தொடங்கி, என் முழுப் பெயரைச் சொல்லி, மூன்று மூச்சு நிறுத்தி, அன்னாரின் மரியாதை காலமாகிவிட்டது என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறியத் தந்தது. ஆட்டோ கடைத்தெருவையும் ஒரு சுற்றுச் சுற்றியது. நான் வாசலில் நின்று முழுதாகக் கேட்டேன். அந்த மௌனத்தில் நானும் எனக்கு முன்னால் வந்து நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

டிஸ்க்குகளைக் கொழும்புக்குக் கொண்டுபோனேன். மீட்டெடுப்பவர்கள் கையை விரித்துவிட்டார்கள். திரும்பி வந்து, உங்களுக்குப் பதில் நான் பேசிப் பதியட்டுமா என்று கேட்டேன். எக்கோக்காரனைவிட நான் பரவாயில்லை என்று சம்மதித்தார்.

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை பதிகிறோம். எதிரே உட்கார்ந்து கையசைவால் என்னை நடத்துவார். பேச்சு இப்போது காற்றுதான். அதிலும் திட்டுக்குக் குறைவில்லை. “பாடம் நடத்துறீங்க சேர். இதுல யாரும் செத்த மாதிரியே இல்ல” என்பார். போட்டுக் கேட்போம். குறை கண்டுபிடிப்பார். அழிக்கச் சொல்வார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று பிளேன்டீ குடிக்கப் போவோம்.

எனக்கு அந்த அறிவித்தல் எப்போதோ சரியாக வந்துவிட்டது. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஓரிடத்தில் வேண்டுமென்றே ஒரு பிழை விடுகிறேன்.