வல்லினம் மிகும் இடம்

மாப்பிள்ளையாக வரவிருந்தவர் ஒரு மோசடிக்காரர் என்பது, ஒரு ‘க்’ இல்லாததால்தான் தெரியவந்தது.

‘வணக்கம் மாமா. ஞாயிற்று கிழமை அப்பா அம்மாவை கூட்டி கொண்டு வருகிறேன். வீட்டு முகவரி அனுப்பவும்’ என்று கைபேசியில் செய்தி வந்திருந்தது. பெண்ணின் அப்பா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். ஒன்று அல்ல, மூன்று ‘க்’ காணவில்லை. போதாக்குறைக்கு முகவரி வேறு கேட்கிறான். அந்த எண்ணைத் தடைசெய்துவிட்டு, குடும்பத்தையே காப்பாற்றிய திருப்தியோடு நாற்காலியில் சாய்ந்தார்.

"யாருங்க மெசேஜ்ல?" என்றாள் மனைவி.

"திருடன்."

அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அங்கே அவருக்கு ‘ஒற்றர்’ என்று பெயர். விடுபட்ட ஒற்றெழுத்துகளைத் தேடிப் பிடிப்பதால் வந்த பெயரா, எதையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதால் வந்த பெயரா என்று வைத்தவர்களுக்கே தெரியாது. பாடப்புத்தகம், மருந்துப் பெட்டி, கடை விளம்பரம் என்று எது வந்தாலும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவார். எழுத்தை மட்டும்தான் பார்ப்பார். பொருளுக்குள் போனால் பிழை கண்ணில் படாது என்பது அவருடைய கொள்கை. ஒருமுறை துணிக்கடைத் தள்ளுபடியும் இரங்கல் செய்தியும் ஒரே தாளில் கலந்து வந்தபோது, இரண்டையும் பிழையறத் திருத்தி அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டார். கணினியில் அச்சுக்கோக்கும் பெண்மணி பார்த்துத் தடுத்திராவிட்டால், செத்துப்போனவர் பாதி விலைக்குப் போயிருப்பார்.

இப்படிப்பட்டவரை அச்சக முதலாளி இணையப் பாதுகாப்பு வகுப்பில் உட்காரவைத்ததுதான் வினை. சைபர் குற்றப் பிரிவிலிருந்து வந்த பெண் அதிகாரி பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். கடவுச்சொல் கடினமாக இருக்க வேண்டும், தெரியாத இணைப்பைத் தொடக் கூடாது, கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணை எவரிடமும் சொல்லக் கூடாது, சந்தேகம் வந்தால் அனுப்பியவரை நேரடியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். நடுவில், போகிறபோக்கில் ஒன்று சொன்னார்.

"மோசடி மெசேஜ்ல நிறைய எழுத்துப்பிழை இருக்கும். அதையும் ஒரு அடையாளமா வச்சுக்கலாம்."

ஒற்றர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய தொழிலை உயர்த்தி ஒருவர் பேசி அவர் கேட்டது அன்றுதான். அதற்கு முன்னால் சொன்னதும் பின்னால் சொன்னதும் அவர் காதில் ஏறவே இல்லை.

அன்றைக்கே கைபேசியைச் சலிக்கத் தொடங்கினார். ‘யார் ரகசிய எண்ணை கேட்டாலும் கொடுக்காதீர்கள்’ என்று வங்கி எச்சரித்திருந்தது. எண்ணைக் கேட்டாலும் என்று எழுதத் தெரியாதவனா வங்கி நடத்துகிறான்? வங்கி போயிற்று. மனைவியின் அண்ணன் ‘தங்கைக்கு பிறந்தநாள் வாழ்த்து’ என்று அனுப்பியிருந்தார். மைத்துனரும் போனார். அந்தத் தடையில் பாதுகாப்போடு கொஞ்சம் சொந்த விருப்பமும் கலந்திருந்தது. ‘நாளை குடிநீர் தொட்டி சுத்தம் செய்யப்படும், தண்ணீர் வராது’ என்று குடியிருப்புச் சங்கம் அனுப்பியதில் ‘த்’ இல்லை. அதுவும் போயிற்று. மறுநாள் காலையில் தலை நிறைய நுரையோடு குளியலறைக்குள் நின்று, குழாயைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மனைவி குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். ஊற்றும்போது ஒவ்வொரு செம்பையும் சத்தமாக எண்ணினாள். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

மாப்பிள்ளையின் எண்ணைத் தடைசெய்த அன்று மாலையே, வெளியூரில் வேலை பார்க்கும் மகள் கூப்பிட்டாள். மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் ஒரு பொறியாளரை அவளாகவே பார்த்துப் பிடித்து, அப்பா சம்மதிக்க வேண்டும் என்று காத்திருப்பவள்.

"அப்பா, அவர் நம்பரை ஏன் பிளாக் பண்ணீங்க?"

"அது அவர்தான்னு என்ன நிச்சயம்?"

"பேரும் போட்டோவும் இருக்குல்ல?"

"பேரும் போட்டோவும் எவன் வேணும்னாலும் வைக்கலாம்மா. ‘க்’ வைக்க முடியுமா?"

மகள் கெஞ்சிய பிறகு தடையை நீக்கினார். ஆனாலும் ஆளைச் சோதிக்காமல் விட அவருக்கு மனம் வரவில்லை. ‘கற்று கொடுத்தான் – சரியா, தவறா?’ என்று ஒரு கேள்வியை அனுப்பினார். மாமனாராக வரப்போகிறவர் ஏதோ சொல்கிறார், தலையாட்டிவைப்போம் என்று நினைத்த அந்தப் பிள்ளை, ‘சரி மாமா’ என்று பதில் போட்டார்.

ஒற்றர் பூஜ்யம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

மகள் மறுபடியும் கூப்பிட்டபோது கெஞ்சவில்லை. "இது நடக்கலேன்னா எனக்கு வேற யாரையும் பார்க்க வேண்டாம்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஒற்றருக்கு அவள் ஒரே மகள். அவள் சந்தோஷத்துக்குத் தானே குறுக்கே நிற்கிறோமோ என்று அன்று முதல்முறையாகத் தன்னையே சந்தேகப்பட்டார்.

அந்தக் கலக்கத்தில் இருந்தபோதுதான் கைபேசி சிணுங்கியது. முதலில் வெறும் ஆறிலக்க எண் ஒன்று வந்தது. எழுத்தே இல்லாததால் அதில் பிழை பார்க்க வழியில்லை என்று விட்டுவிட்டார். அதன் பின்னால் ஒரு செய்தி வந்தது.

‘தங்கள் கணக்கைப் பாதுகாப்பதற்காகத் தங்களுக்குத் தற்போது வந்துள்ள எண்ணைத் தயைகூர்ந்து எங்களுக்குத் தெரிவித்து உதவுங்கள்.’

ஒற்றர் அதை வாய்விட்டுப் படித்தார். எங்கே ‘த்’ வேண்டுமோ அங்கே ‘த்’ இருந்தது. ‘ப்’ இருந்தது. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"இவன் மனுஷன். இப்படி எழுதுறவங்க இன்னும் இருக்காங்க பாரு" என்றார்.

"எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லலையா?" என்றாள் மனைவி சந்தேகத்தோடு.

"அது தப்புத்தப்பா எழுதுறவங்களுக்கு."

எண்ணை அனுப்பினார். ‘தங்கள் தமிழுக்கு என் வாழ்த்துகள்’ என்று கூடவே ஒரு வரியும் சேர்த்தார்.

அடுத்த கணம் கைபேசியில் அவருடைய செய்திக் கணக்கு அவருக்கே திறக்கவில்லை. வேறு யாருக்கோ திறந்திருந்தது. அவர் பெயரில், அவர் புகைப்படத்தோடு, சொந்தபந்தம் எல்லாருக்கும் செய்தி பறந்தது: ‘ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். அவசர தேவை. உடனே பணம் அனுப்பவும்.’

மனைவியின் கைபேசி ஓயாமல் அடித்தது. ஒருவர்கூட ஏமாறவில்லை. தடைசெய்யப்பட்ட மைத்துனர்கூட, யாரோ காட்டியதைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். "அவசரத் தேவைன்னு ‘த்’ போடாம உன் புருஷன் சாகக்கூட மாட்டார்னு எனக்குத் தெரியாதா?" என்றார். ஒற்றருக்கு அவமானமாகவும் இருந்தது, அதைவிடக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பெருமை அழைப்புமணி அடிக்கும்வரைதான் நீடித்தது. வாசலில் ஒரு பிள்ளை மூச்சிரைக்க நின்றிருந்தார். சட்டையெல்லாம் மின்தூக்கி மசகு. இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. செய்தியைப் பார்த்ததும் கையில் இருந்த பணத்தை அப்படியே அனுப்பிவிட்டு, ஒவ்வோர் ஆஸ்பத்திரியாகத் தேடி அலைந்து, கடைசியில் மகளைக் கேட்டு முகவரி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"மாமா, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அந்த மெசேஜைப் பார்த்து உங்களுக்குச் சந்தேகமே வரலையா தம்பி?"

"உடம்பு சரியில்லைன்னு சொல்றப்ப எப்படி மாமா சந்தேகப்படுறது?"

அந்த ‘த்’ இல்லாததைக் கண்டுபிடித்த அத்தனை பேரும் வீட்டில் உட்கார்ந்து சிரித்திருக்கிறார்கள். கண்டுபிடிக்கத் தெரியாத ஒருவர்தான் ஓடிவந்திருக்கிறார். ஒற்றர் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவோடு அவசியம் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

பெண் அதிகாரியிடம் போனார்கள். நல்லவேளையாக, மாப்பிள்ளை அனுப்பிய தொகை கை மாறுவதற்குள் நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் அதிகாரிக்கு ஒரு விஷயம் உறுத்தியது. பணம் கேட்ட செய்தியில் ‘த்’ இல்லை. எண் கேட்ட செய்தியிலோ ஒரு குறையும் இல்லை. இரண்டையும் ஒரே ஆள் எழுதியிருக்க முடியாது, அந்தக் கும்பலுக்குப் படித்தவர் யாரோ உதவியிருக்கிறார், அவர் அகப்பட்டால் மற்றவர்களையும் பிடித்துவிடலாம் என்றார்.

மறுநாள் எண் கேட்ட அந்தச் செய்தியைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு அதிகாரி அச்சகத்துக்கே வந்துவிட்டார். ஒற்றருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தமிழ் தெரியாதவன் திருடினால் மன்னித்துவிடலாம், இவ்வளவு தெரிந்தவன் துணை போகலாமா என்று பொருமினார்.

"ஒற்றெழுத்தை வச்சே ஆளைச் சொல்லிடுவேன் மேடம். இவன் நல்லாப் படிச்சவன், மரியாதை தெரிஞ்சவன். ‘தயைகூர்ந்து’ன்னு போட்டிருக்கான் பாருங்க. நல்ல தமிழை இப்படி விலைக்கு வித்தவனை உள்ள தள்ளாம விடக் கூடாது. கண்டுபிடிச்சுக் குடுக்கிறது என் பொறுப்பு."

அச்சுக்கோக்கும் பெண்மணி எழுந்துவந்து தாளை எட்டிப் பார்த்தார். ஒருமுறை படித்தார். ஒற்றரின் சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சார், போன மாசம் ஒரு கஸ்டமர் கொண்டுவந்து குடுத்த நோட்டீஸ்தானே இது? ‘உடனே அனுப்பவும்’னு அவர் எழுதியிருந்ததை, மரியாதையா இல்லைன்னு அடிச்சிட்டு ‘தயைகூர்ந்து’ன்னு போட்டதே நீங்கதானே?"