ஏழாவது ஸ்லைடு

"பொண்ணுக்கு என்ன நட்சத்திரம்னு கேட்டவரைப் பார்த்து, நீ எந்தக் கும்பல்னு கேட்டிருக்கேள். இதை நான் எங்கே போய்ச் சொல்லி அழறது?"

பத்மாசினியின் குரல் சமையலறையில் புறப்பட்டு, கூடத்தைத் தாண்டி, தெருவில் காய்கறி வண்டியையே நிறுத்திவிட்டது. வெண்டைக்காய் வாங்க வந்த நாலு பேரும் பொறுக்கிய வெண்டைக்காயையே மறுபடி பொறுக்க ஆரம்பித்தார்கள்.

"நட்சத்திரம் மட்டுமா கேட்டான்? பிறந்த தேதி, பிறந்த நேரம், பூர்வீகம், உன் பிறந்தகம் எதுன்னு வரிசையா கேக்கறான். பாஸ்வேர்டு மறந்துபோனா பேங்க்ல இதைத்தான் கேப்பா, தெரியுமோ?" என்றார் பாஷ்யம்.

"அவர் நங்கநல்லூர் வெங்கட்ரமணன். பையனோட அப்பா."

"அப்படித்தான் சொல்லிண்டு வருவா. ஏழாவது ஸ்லைடு."

பாஷ்யம் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். இரண்டு மாதம் முன்பு வரை சாது. எந்த லிங்க் வந்தாலும் தொட்டுப் பார்த்துவிடுவார். கம்பெனிக் கம்ப்யூட்டரில் யாரோ அனுப்பிய பரிசுச் சக்கரத்தைச் சுற்றப் போய், ஸ்டோர்ஸ் முழுக்க அரை நாள் நின்றுபோனது. அதன் பிறகுதான் சைபர் பாதுகாப்பு வகுப்பு வந்தது. அதே கம்பெனியில் பயிற்சிப் பிரிவில் இருக்கும் அவர் பெண் ரஞ்சனா, முதல் வேலையாக அப்பா பெயரைப் பட்டியலில் சேர்த்தாள்.

வகுப்பெடுத்தவன் ஐ.டி. பிரிவு டில்லிபாபு, வல்லக்கோட்டைக்காரன். ஓடிபி, லிங்க், பாஸ்வேர்டு என்று ஆறு ஸ்லைடு ஓடும்போது பாஷ்யம் லேசாகக் கண்ணயர்ந்துவிட்டார். ஏழாவதில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வரன் என்று சொல்லிக்கொண்டு பேசுவார்கள்; பிறந்த தேதி, நேரம், நட்சத்திரம், பூர்வீகம் எல்லாம் கேட்பார்கள்; யோக்கியன் எவனும் இவற்றைக் கேட்கமாட்டான் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. தேர்வில் நூற்றுக்கு நூறு. சான்றிதழ் சட்டம் போட்டு ராமானுஜர் படத்துக்குப் பக்கத்தில் ஏறியது. உடையவருக்கு ஒரு முழம் பூ வைத்தால் இதற்கும் அரை முழம்.

ரஞ்சனாவுக்கு இருபத்தெட்டு வயது. நாலு வருஷத் தேடலில் படிப்பும் உயரமும் குடும்பமும் கூடிவந்த ஒரே வரன் இந்த நங்கநல்லூர் வரன்தான். இதுவும் தட்டிப்போனால் பெங்களூரில் தம்பி வீட்டோடு போய்விடுவதாக பத்மாசினி சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்பவள். தெருவுக்கே தெரியும்.

"சரி, போன் பண்ணி மன்னிப்புக் கேக்கறேன்" என்று பாஷ்யம் இறங்கி வந்தார். அதில் ஒரு சின்னச் சிக்கல். முதல்நாளே அவர் வெங்கட்ரமணனின் நம்பரை, "மோசடி எண், உஷார்" என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். அது கோயில் குழுவுக்குப் போய், குன்றத்தூர் வழியாக நங்கநல்லூர் போய்ச் சேர்ந்தது. கடைசியில் வெங்கட்ரமணனின் மனைவியே அதைக் கணவருக்கு அனுப்பி, இந்த ஆளிடம் ஜாக்கிரதை என்று எழுதியிருந்தாளாம். நம்பரைச் சரியாகப் பார்க்கவில்லை, பாவம்.

பத்மாசினி அந்த அம்மாளிடம் அரைமணி நேரம் பேசி, அழுது, ஒருவழியாகச் சமாதானம் செய்தாள். ஜாதகத்தை மட்டும் உடனே மெயிலில் அனுப்பிவிடுங்கள் என்றார்கள். பாஷ்யமும் அனுப்பினார், ஆனால் பூட்டி அனுப்பினார்.

மறுநாள் அந்த அம்மாளிடமிருந்து போன் வந்தது. "மாமி, பாஸ்வேர்டு கேக்கறதே?"

பத்மாசினி கணவரைப் பார்த்தாள்.

"கீழேயே குறிப்பு குடுத்திருக்கேனே" என்றார் பாஷ்யம். "பொண்ணோட நட்சத்திரம், பக்கத்துல பிறந்த வருஷம்."

"நட்சத்திரம் தெரிஞ்சா அவா எதுக்கு ஜாதகம் கேக்கறா?"

பாஷ்யம் யோசித்தார். பாதுகாப்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார்.

கடைசியில் ஜாதகம் அப்புறம் ஆகட்டும், முதலில் பெண்ணைப் பார்த்துவிடுகிறோம் என்று அவர்களே ஞாயிற்றுக்கிழமை காரில் வந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே சொஜ்ஜி, பஜ்ஜி, பட்டுப்புடவையில் ரஞ்சனா. வாசலில் கேட்டைப் பூட்டிக்கொண்டு பாஷ்யம்.

"தப்பா நினைச்சுக்காதீங்கோ. உங்க போனுக்கு நாலு நம்பர் அனுப்பியிருக்கேன். அதைச் சொன்னேள்னா திறந்துடறேன்."

வெங்கட்ரமணன் போனைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்? அந்த உஷார் செய்திக்குப் பிறகு அவர் பாஷ்யத்தின் நம்பரை பிளாக் செய்திருந்தார். அதைச் சொன்னதும் பாஷ்யத்துக்குச் சந்தேகம் வலுத்துவிட்டது. பையனின் கொள்ளுப்பாட்டி பெயரைக் கேட்டார். பையனின் அப்பாவுக்கே அது தெரியவில்லை. கார் திரும்பிப் போனது. நாலு வீட்டு ஜன்னலும் ஒரே சமயத்தில் மூடிக்கொண்டன.

பத்மாசினி உள்ளே போய் பெங்களூருக்குப் பெட்டியை எடுத்து வைத்தாள்.

பதறிப்போய் பாஷ்யமே ஒரு திருமண இணையதளத்தில் பெண்ணுக்கு விளம்பரம் கொடுத்தார். பெயர் என்ற இடத்தில் 'பெண்' என்று போட்டார். பிறந்த தேதிக்கு 'நேரில்'. போட்டோவில் ரஞ்சனாவின் முகத்தை மறைத்துவிட்டார். பின்னால் இருந்த பீரோ மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஒரு வாரத்தில் ஒரே ஒரு விசாரிப்புத்தான் வந்தது. வைரஸ் தடுப்பு சாஃப்ட்வேர் விற்கும் ஆள்.

பெட்டியில் கடைசிப் புடவையும் ஏறிய அன்று சாயங்காலம், ரஞ்சனா நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பா, ஒருத்தர் இருக்கார். என்னோட தேதி, நட்சத்திரம், ஊர் ஒண்ணுமே கேட்டதில்லை. நம்ம டில்லிபாபு."

அடுத்த ஞாயிறு டில்லிபாபு வந்தான். வாசலிலேயே நின்று, கேட்பதற்கு முன்பே போனைத் திறந்து நாலு நம்பரையும் ஒப்பித்தான். பாஷ்யத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏன்னா, பையன் யாரு, என்ன குலம், என்ன கோத்ரம், ஒண்ணும் விசாரிக்க வேண்டாமா?" என்று உள்ளே பத்மாசினி கிசுகிசுத்தாள்.

"எப்படிக் கேக்கறது? கேட்டா நாமதான் மோசடிக்காரான்னு ஆயிடும்."

சட்டத்துக்குள் இருந்த சான்றிதழை அவள் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பெட்டியைப் பிரித்து, பட்டுப்புடவையை வெளியே எடுத்தாள்.

தையில் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் கல்யாணம். நெற்றி நிறையத் திருமண்ணோடு பாஷ்யம் முருகன் சந்நிதியில் நின்றதைப் பற்றித் தெரு இன்னும் பேசி முடிக்கவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் குன்றத்தூரில் குடித்தனம் போய்விட்டார்கள். நங்கநல்லூர்ப் பையனுக்கும் மாம்பலத்தில் முடிந்துவிட்டது. பத்மாசினி பெங்களூர் போகவில்லை, தம்பிதான் கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் போனான்.

கம்பெனியில் ஸ்வீட் கொடுக்கும்போது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மாரிக்கு மட்டும் பாஷ்யம் இரண்டு லட்டாக வைத்தார். எல்லாம் அந்த ஏழாவது ஸ்லைடு செய்த புண்ணியம் என்றார்.

மாரி லட்டைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"ஏழாவதா? இன்னா சார் சொல்றீங்க, எங்க பேட்சுக்கு ஆறோட முடிச்சி டீ குடுத்து அனுப்பிட்டாங்க. உங்க பேட்சு அன்னிக்குத்தான் ரஞ்சனா மேடம் தனியா ஒரு பென் டிரைவ் எடுத்துகினு ஓடியாந்தாங்க."