மாமியார் தைத்த கப்பல் கொடி

கிரீனக் துறைமுகம், ஸ்காட்லாந்து
செப்டம்பர் 1941

மதிப்பிற்குரிய அத்தை ஒர்த்தான்ஸ் அவர்களின் சமூகத்திற்கு, மாப்பிள்ளை ஃபிர்மன் பணிந்து எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். அதற்குத் தாங்களே காரணம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். லண்டனில் குண்டுகளுக்கு நடுவே தாங்களும் என் மனைவி சோலாஞ்சும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

ஜெர்மானியருக்குத் தலைவணங்கிய பிரெஞ்சுக்காரர்களும் நம்முடைய அதே பிரெஞ்சு மூவர்ணக் கொடியைத்தான் கப்பலில் பறக்கவிடுகிறார்கள். நடுவில் லொரேனின் இரட்டைக் குறுக்குச் சிலுவை இல்லாவிட்டால், ஆங்கிலேயரோடு சேர்ந்து போரிடும் சுதந்திர பிரெஞ்சுக்காரர்களான எங்களையும் ஆங்கிலேய விமானம் எதிரி என்று நினைத்துக் குண்டு போட்டுவிடும். கிடங்கில் சிலுவைக் கொடி தீர்ந்துபோனதால், “என் மாமியார் லொரேன்காரர், கோயில் ஊர்வலக் கொடியெல்லாம் அவர் கைவேலைதான்” என்று நான் பீற்றிக்கொண்டேன். தாங்களும் உடனே தைத்து அனுப்பிவிட்டீர்கள். பொட்டலத்தைப் பிரித்தால் வெல்வெட்டு, ஓரமெல்லாம் தங்கக் குஞ்சம், கிழியாமலிருக்க உள்ளே பஞ்சு, மேலே தொங்கவிடக் குறுக்காக ஒரு மரக்கட்டை. கடலோரப் பிரெத்தோன் நாட்டு மாலுமி, கோரான்தான் என்று பெயர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “டேய் சமையல்காரா, உங்க லொரேன்ல கடலே கிடையாதேடா! தவளக் குளத்துல விடவா தச்சாங்க?” ஏற்றும்போது அந்தக் கட்டை அவன் மண்டையிலேயே விழுந்தது; அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். மழையில் நனைந்தபின் அதை இறக்க ஆள் மேல் ஆள் தேவைப்பட்டது, கப்பலே ஒரு பக்கம் சாய்கிறது என்றுகூடச் சொன்னார்கள், கேப்டன் ட்ரெவிதிக் என்னைக் கூப்பிட்டு, “உன் மாமியார் கொடி, நீயே காய வை” என்றுவிட்டார். அடுப்புக்கு மேலே கட்டினேன். அன்றைய வெங்காய சூப்பில் குஞ்சம் கிடந்தது. குடித்தவர்கள் சொன்னதை உங்களுக்கு எழுத முடியாது.

போன செவ்வாய் கடலில் காற்றே இல்லை. சூரியனுக்குள்ளிருந்து ஓர் ஆங்கிலேய விமானம் நேரே எங்கள் மேல் பாய்ந்தது. “சுடாதீங்கடா, நம்ம ஆளுதான்!” என்று கேப்டன் கத்தினார். அதை விமானத்திடம் யார் சொல்வது? நான் குப்புறப் படுத்துச் சோலாஞ்சை நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் மெல்லிய கொடி எதுவானாலும் கம்பத்தைச் சுற்றிச் சுருண்டு கிடந்திருக்கும். உங்கள் கொடி மட்டும் கட்டையில் விறைப்பாக, விரித்த பாய் மாதிரி தொங்கியது. விமானம் ஒரு சுற்றுச் சுற்றியது, இறக்கையை ஆட்டியது, போய்விட்டது. கேப்டன் எழுந்து, “லண்டன் எந்தப் பக்கம்டா?” என்று கேட்டு, அந்தத் திசை பார்த்துத் தொப்பியைக் கழற்றி வணங்கினார். கோரான்தான் அழுதான். நானும் அழுதேன். அத்தை, கல்யாணத்தன்று என்னை வெங்காயம் உரிப்பவன் என்றீர்கள். உரிப்பதற்கு இன்னும் கை இருக்கிறது என்றால் அது உங்கள் புண்ணியம்.

ஒரே ஒரு விண்ணப்பம். காப்பாற்றியது சிலுவைதானே தவிரப் பஞ்சு அல்ல என்று கேப்டன் கருதுகிறார். அடுத்த கொடியை ஒற்றைத் துணியில் தைத்தால் போதுமாம். தங்கள் கண்களுக்கும் ஓய்வு.

ஆண்டவர் தங்கள் கூரையையும் ஊசியையும் காக்கட்டும்.

என்றும் நன்றியுள்ள மாப்பிள்ளை,
ஃபிர்மன்

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு பிரித்தேன். அந்த விமானியைத் துறைமுகச் சாராயக்கடையில் பார்த்தோம். சிலுவையைப் பற்றிப் பெருமையாகக் கேட்டேன். “சிலுவையா? நான் ஒண்ணும் பாக்கலியே. கம்பத்துல யாரோ மெத்தையக் காயப் போட்டிருந்தாங்க. போர்க்கப்பல்ல இந்த வேலைய உங்க சுதந்திர பிரெஞ்சுக்காரங்களத் தவிர எவன் செய்வான்?” என்றான். இதை எழுதினால் கடலில் தள்ளிவிடுவதாகக் கேப்டன் மிரட்டுகிறார். பக்கத்துக் கப்பல்காரர்களும் ஆளுக்கொரு கொடி கேட்கிறார்கள். பஞ்சைக் கூட்டியே வையுங்கள், அத்தை.