ரஷ்யாக்காரர் மாலையில் வாசிப்பார்

நீங்கள் எதையோ கையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறீர்கள். புதுச் சட்டையாக இருக்கலாம், சூடான பரோட்டாவாக இருக்கலாம், டிரான்சிஸ்டரில் காதில் விழுந்த பாட்டாக இருக்கலாம். அப்போது ஒருவர் வருவார். உங்கள் சந்தோஷத்தைத் தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்ப்பார். "நல்லாத்தான் இருக்கு" என்பார். அந்தத் 'தான்' இருக்கிறதே, அதை நம்பாதீர்கள். பின்னாலேயே ஓர் 'ஆனா' வரும். ஆனாவுக்குப் பின்னால், இதைவிட உயர்ந்த ஒன்று வரும். அது அவரிடம் இருக்கும்; உங்களிடம் இருக்காது.

இவர்தான் ஆனாக்காரர். எல்லா ஊரிலும் உண்டு. கடத்தூரில் ஒருவர் பஸ் டிரைவர்களை ஒப்பிடுவார். தர்மபுரியில் ஒருவர் ஒவ்வொரு கல்யாணத்திலும் பந்தியில் உட்கார்ந்துகொண்டு போன கல்யாணத்து ரசத்தைப் புகழ்வார். ஆனால் இவர்கள் எல்லாரும் நாலு பேருக்குத் தெரிந்த பொருளை ஒப்பிடுகிறவர்கள். எதிர்த்துப் பேச ஆள் கிடைத்துவிடும். அந்தத் தொல்லையே இல்லாத உயரத்துக்குப் போனவர் ஒரே ஒருவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கில், பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருந்த நஞ்சப்பன்.

பெங்களூரில் மருந்தாளுநர் படிப்புப் படித்த காலத்தில் பியானோ கற்றுக்கொடுக்கும் ஒரு டீச்சரம்மா வீட்டு மாடியில் அவர் குடியிருந்தார். மற்றப் பையன்கள் சினிமாவுக்குப் போன நேரத்தில் இவர் தரைவழியே ஏறி வந்த சங்கீதத்தைக் கேட்டார், பிடித்துக்கொண்டது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒரு மேதை வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதிய நாலு பாகச் சொனாட்டா ஒன்று. அந்த மேதையின் பெயரை நஞ்சப்பன் வாரத்துக்கு ஒரு விதமாக உச்சரித்ததால் அதை இங்கே எழுதத் தைரியம் இல்லை. பெங்களூரில் ரிக்கார்டுகளைக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் கடையில் சொல்லி, அதே சொனாட்டாவை இரண்டு கேசட்டாக வாங்கி வந்தார். ஒன்று ரஷ்யாக்காரர் வாசித்தது. இன்னொன்று பிரெஞ்சுக்காரர்.

அன்றைக்குப் பிடித்தது சனி, அவருக்கல்ல, வாடிக்கையாளர்களுக்கு.

கடைக்குப் பின்னால் வீட்டில் இருந்த டேப் ரிக்கார்டரில் பிரெஞ்சுக்காரர் காலையில்தான் வாசிப்பார். ரஷ்யாக்காரர் மாலை ஐந்துக்கு மேல். ராகத்துக்கு வேளை உண்டென்றால் வாசிக்கிறவனுக்கு இருக்காதா என்பது நஞ்சப்பனின் கேள்வி. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது பாமரத்தனம். நடுவில் ஒரு சாப்பாடாவது இருக்க வேண்டும். "பிரெஞ்சுக்காரன் கெட்டிக்காரன், ஆனா அவசரக்காரன். ரஷ்யாக்காரன் இருக்கானே, அவன் வாசிக்கலைங்க, யோசிக்கிறான்" என்று நாலு வருஷம் சொன்னார். இரண்டாம் பாகத்தில் கச்சேரி கேட்க வந்த எவரோ இருமுவது இரண்டு கேசட்டிலும் கேட்கும். மருந்துக்கடைக்காரர் விடுவாரா? ரஷ்யாவில் இருமியவர் கனத்த உடம்புக்காரர், நெஞ்சில் சளி, குளிர்காலம். பாரிசில் இருமியவர் ஒல்லி, சிகரெட் பழக்கம், வறட்டு இருமல். இரண்டுக்கும் என்ன சிரப் கொடுத்திருக்கலாம் என்பதுகூட அவரிடம் தயாராக இருந்தது.

ஒரு மாலை பாப்பாரப்பட்டியிலிருந்து செல்லம்மாள் என்றொரு அம்மாள் காய்ச்சல் மருந்துச் சீட்டோடு வந்து நின்றாள். பாகம் முடியட்டும் என்று நஞ்சப்பன் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உள்ள யாருங்க அழுவறது? ஒடம்பு சரியில்லீங்களா?" என்றாள் அவள்.

"அழுவலைங்கம்மா. ரஷ்யாக்காரன் வாசிக்கிறான். இதே பிரெஞ்சுக்காரனா இருந்தா இந்நேரம் ஓடியே போயிருப்பான்."

"அப்ப அவரையே போட்டுடுங்க. எனக்கு அஞ்சரை பஸ்ஸுக்குப் போவணும்."

இப்படிப்பட்டவர் உள்ளூரோடு அடங்குவாரா? பெங்களூரில் இருந்த மேல்நாட்டுச் சங்கீத சபை ஒன்றுக்கு இரண்டு வாசிப்பையும் ஒப்பிட்டுப் பதினோரு பக்கம் எழுதினார். ஒரு மாதம் கழித்துக் கார்டு வந்தது. சபையின் செயலாளர் கேசவமூர்த்தி எழுதியிருந்தார்: வருகிற சனிக்கிழமை குடும்பத்தோடு ஒகேனக்கல் போகிறோம், ஞாயிறு திரும்பும் வழியில் நாலு மணிக்குப் பாலக்கோட்டில் இறங்கி இரண்டையும் கேட்க ஆசை, அந்தப் பிரெஞ்சுப் பதிவு எங்களிடம் உள்ள எந்தப் பட்டியலிலும் இல்லை.

எந்தப் பட்டியலிலும் இல்லை! நஞ்சப்பன் அந்தக் கார்டை இருமல் மருந்துகளுக்கு நடுவே கண்ணாடிக்குள் ஒட்டினார். ஹெட்மாஸ்டர் கோவிந்தனை அழைத்தார். மாட்டு டாக்டரை அழைத்தார். சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் நாலு பேரை அழைத்தார். மனைவி ராணியம்மாளிடம் இருபது பேருக்குப் போண்டா என்றார். மாலையில் ஊரெல்லாம் பம்புசெட் ஓடி விளக்கே பூசணிப்பூ நிறத்தில் எரியும் என்பதால், பக்கத்துக் கடை ரேடியோ மெக்கானிக் நூர் பாஷாவிடம் ஒரு ஸ்டெபிலைசரும் சொல்லிவைத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் நூர் பாஷா வந்தார். கரண்டை ஏற்றி இறக்கக் குமிழ் வைத்த ஸ்டெபிலைசர் ஒரு கையில், ஒத்துப் பார்க்க இன்னொரு டேப் ரிக்கார்டர் மறு கையில். இரண்டு கேசட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டார். சங்கீதம் அவருக்குத் தெரியாது. மோட்டார் தெரியும். அதனால்தான் அவருக்கு மட்டும் கேட்டது.

"அண்ணா, ரெண்டுலயும் ஒரே எடத்துல ஒருத்தர் இருமறாருங்க. இருமிட்டு மூக்க உறிஞ்சறாரு."

"அது மாஸ்கோ, இது பாரிசு, பாஷா. வேற வேற ஆளு."

"இருக்கலாங்க. ஆனா அந்த ஆளு டிக்கெட் எடுத்து ரெண்டு ஊருக்கும் போயி ஒரே மாதிரி இருமியிருக்காருங்க."

இரண்டு ரிக்கார்டரையும் பக்கத்தில் வைத்து, ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்கினார். பிரெஞ்சுக்காரரும் ரஷ்யாக்காரரும் கைகோத்துக் கிளம்பினார்கள். சேர்ந்தே ஏறினார்கள், சேர்ந்தே இறங்கினார்கள், சேர்ந்தே மூச்சு வாங்கினார்கள். இரண்டாம் பாகத்தில் அந்த இருமல் ஒற்றை இருமலாக வந்தது. அவசரம் எங்கே? யோசனை எங்கே? பெங்களூர்க் கடைக்காரன் ஒரே ரிக்கார்டை இரண்டு தரம் பதிந்து, இரண்டு பெயர் எழுதி ஒட்டியிருந்தான்.

"அப்ப சாயங்காலம் மெதுவா வாசிச்சது யாரு?" என்றார் நஞ்சப்பன்.

"உங்க செட்டு மோட்டாருங்க. உள்ள வேகத்த ஒரே சீரா வெச்சிருக்கற கவர்னர் போயிருச்சு. கரண்டு எவ்வளவு வருதோ அவ்வளவுதான் சுத்தும். காத்தால நல்லா சுத்துது. சாயங்காலம் ஊரே தண்ணி பாய்ச்சுது, இது தூங்குது."

நஞ்சப்பன் குளுக்கோஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். நாலு வருஷமாக மாலைதோறும் அவர் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது ரஷ்ய ஆன்மா இல்லை. ஐந்து குதிரைச் சக்தி பம்புசெட். வீட்டுக்கு வந்து போன இரண்டு மேதைகளில் ஒருவர் வரவே இல்லை. அது எவர் என்றும் தெரியாது! வந்தவர் ரஷ்யரா, பிரெஞ்சுக்காரரா, இல்லை இரண்டுமில்லாத மூன்றாமவரா? துக்கம் விசாரிக்கக்கூட முடியாத சாவு அது.

நாளைக்கு வராதீர்கள் என்று தந்தி அடிக்கலாம் என்றால், கேசவமூர்த்தி ஏற்கெனவே ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"போண்டா போடறதா வேணாமா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள் ராணியம்மாள்.

நூர் பாஷாதான் வழி சொன்னார். "நான் பீரோவுக்குப் பின்னால ஸ்டெபிலைசரோட உக்காந்துக்கறேங்க. மொத கேசட்டுக்கு கரண்ட ஏத்தி வைக்கறேன். ரெண்டாவதுக்கு எறக்கறேன். சாயங்காலம் ஆனா ஊரு செஞ்ச வேலைதானுங்களே, நான் செஞ்சா என்ன?"

"அது மோசடி, பாஷா."

"இத்தனை நாளு மட்டும் என்னாங்க?"

நஞ்சப்பன் ராணியம்மாள் பக்கம் திரும்பினார். போண்டா போடச் சொன்னார். ராத்திரி பாஷாவும் அவரும் ஒரு தரம் ஒத்திகை பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கேசவமூர்த்தி வந்தார். நெற்றியில் குளித்த களை, சட்டைப் பையில் நோட்டு, கூட மனைவியும் இரண்டு பெண்களும். பதினான்கு நாற்காலிகள் நிறைந்தன. பிரெஞ்சுக்காரர் முதலில் வாசித்தார், விறுவிறுவென்று. கேசவமூர்த்தி தலையாட்டினார். "நல்லாத்தான் இருக்குங்க. ஆனா ஆழம் கம்மி."

நஞ்சப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தத் 'தான்'. அந்த 'ஆனா'. வந்திருப்பது யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

போண்டா வந்தது. நடுவில் ஒரு சாப்பாடு என்ற விதி காப்பாற்றப்பட்டது. பிறகு ரஷ்யாக்காரர் ஆரம்பித்தார்.

பேசியபடி நூர் பாஷா கரண்டை ஒரே அளவில் இறக்கி வைத்திருக்க வேண்டும். முதல் பாகம் முழுக்க அப்படித்தான் வைத்திருந்தார், பாவம். ஆனால் பீரோவுக்குப் பின்னால் தனியாக ஒரு மனிதன், கையில் ஒரு குமிழ், காதில் ஒரு வயலின்; எவ்வளவு நேரம் சும்மா இருப்பான்? வயலின் அழுத இடத்தில் அவர் கை தானாகக் குமிழை ஒரு புள்ளி குறைத்தது. அழுகை நீண்டது. சரியாகத்தான் இருக்கிறது என்று இன்னொரு புள்ளி குறைத்தார். பியானோ துள்ளிய இடத்தில் இரண்டு புள்ளி ஏற்றினார். அது குட்டி போட்ட ஆடு மாதிரி குதித்தது. மூன்றாம் பாகத்தில் அவருக்குப் பயம் முழுக்க விட்டுப்போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, அந்த ஐரோப்பிய மேதை கனவிலும் நினைக்காத இடங்களிலெல்லாம் இழுத்தார், விட்டார், நிறுத்திவிடுவாரோ என்று பயப்படும்வரை இறக்கி, கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்ட பிறகு மெல்ல மெல்லத் தூக்கினார்.

மாட்டு டாக்டர் வாயிலிருந்த போண்டாவை மெல்ல மறந்தார். கேசவமூர்த்தி நோட்டில் எழுதுவதை நிறுத்தினார். "காலத்தையே கம்பி மாதிரி வளைக்கிறான். சுருதிகூட கீழ எறக்கித்தான் கட்டியிருக்கான், அது பழைய ரஷ்யச் சம்பிரதாயம்" என்று பக்கத்து நாற்காலிக்குச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் ஹெட்மாஸ்டர், "ஆமாங்க, எறக்கித்தான் கட்டணும்" என்றார்.

நஞ்சப்பன் அழுதுகொண்டிருந்தார். அது வோல்டேஜ் என்று தெரியும். பீரோ தெரியும், பீரோவுக்குப் பின்னால் இருக்கும் ஆள் தெரியும். தெரிந்தும் கண் நிற்கவில்லை. நாலு வருஷத்தில் இவ்வளவு நன்றாக அவர் கேட்டதே இல்லை.

எல்லாம் முடிந்து கேசவமூர்த்தி செருப்பை மாட்டும்போது நஞ்சப்பனின் மனச்சாட்சி தாங்கவில்லை. பக்கத்தில் போய், கையைப் பிடித்து, தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டார்.

"சார், உங்ககிட்ட மறைக்கக் கூடாது. ரெண்டும் ஒண்ணுதாங்க."

கேசவமூர்த்திக்குக் கண் கலங்கியது.

"இந்த வார்த்தைக்காகத்தான் நான் வந்தேன்" என்றார். நோட்டை எடுத்து, தேதி போட்டு, 'இரண்டும் ஒன்றே' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டார்.

"இல்லைங்க சார், நான் சொல்றது நெசமாவே..."

"நெசந்தாங்க. பெரிய நெசம். பெங்களூர்ல இதைச் சொல்ல ஒருத்தன் இல்லை." காரில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கினார். "ஆனா எங்கிட்ட ஹங்கேரிக்காரர் வாசிச்சது ஒண்ணு இருக்கு. அதைக் கேட்டா இதெல்லாம்..." கை ஆட்டிவிட்டுப் போனார்.

நஞ்சப்பன் திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? கேசட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டினார், வாஸ்தவம். மறுநாள் கேட்டவர்களுக்குக் கேட்ட மருந்தைக் கேட்டவுடனே கொடுத்தார். ஊரே ஆச்சரியப்பட்டது. பதினொரு மணி வாக்கில் நூர் பாஷா டீயோடு வந்து உட்கார்ந்தார். நஞ்சப்பன் ஒரு வாய் குடித்தார், தலையைச் சாய்த்தார்.

"நேத்து நல்லாத்தான் இருந்துச்சு, பாஷா. ஆனா..."

"என்னாங்கண்ணா?"

"மூணாம் பாகத்துல தூக்கறப்போ கொஞ்சம் அவசரப்பட்டுட்ட. சனிக்கெழமை ஒத்திகை பாத்தமே, அப்ப இதைவிட நல்லா இருந்துச்சு. அடுத்த ஞாயித்துக்கெழமை சாயங்காலம் சும்மாதான இருப்ப?"

நூர் பாஷா யோசித்தார். "ஞாயித்துக்கெழமை வரேங்க. ஆனா குமிழு வேற போடணும். இது ஒரு புள்ளிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல தடுக்குது. கடத்தூர்ல ஒருத்தருகிட்ட நல்லது இருக்கு."

ஆக, அந்தக் கடைத்தெருவில் ஆனாக்காரர்கள் இரண்டு பேர் ஆனார்கள். இது தொற்று, அதற்கு நஞ்சப்பன் கடையிலும் மருந்து கிடையாது.

இதைப் படித்து முடித்த உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. 'நல்லாத்தான் இருக்கு, ஆனா இதே மாதிரி முன்னே ஒன்று படித்தேனே, அது இதைவிட நன்றாக இருந்தது' என்று இப்போது ஒரு நினைப்பு ஓடியதா? ஓடியிருந்தால் தவறில்லை. அதைப் படித்தது காலையிலா, மாலையிலா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.