பிரேசில் வரை போன அழைப்பு

சுவிசேஷம் உலகைச் சுற்றிய வரலாற்றை எழுதியவர்கள் சிவகாசிப் பக்கத்துத் தாயில்பட்டிக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. கப்பலில் வந்தவர்களையும் குதிரையில் போனவர்களையும் பக்கம் பக்கமாகப் பாராட்டிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே கண்டம் கண்டமாக ஆத்தும ஆதாயம் செய்த யோபு வாத்தியாரை அடியோடு மறந்துவிட்டார்கள். நன்றி கெட்ட உலகம், வேறென்ன சொல்ல.

யோபு சபைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அவர் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்தது. அதுவரை அவருடைய ஊழியம் மிகவும் பின்தங்கிய நிலையில் இருந்தது. சைக்கிளில் போவார். கதவைத் தட்டுவார். காய்ச்சலில் கிடப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிப்பார். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, அந்த வீட்டுப் பிள்ளைக்கு வகுத்தல் கணக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டு வருவார். எவ்வளவு நேர விரயம்!

ஆர்குட் என்ற நட்பு வலைத்தளம் வந்து அவரை மீட்டது. 'மின்வலை நற்செய்திப் பணிக்குழு' உதயமாயிற்று. தலைவர் யோபு, செயலாளர் டிரில் வாத்தியார் அகஸ்டின். உறுப்பினர்கள் இந்த இருவரே என்றாலும் கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, சரிபார்க்காமல் ஒரு கூட்டமும் தொடங்கியதில்லை. நட்பு அழைப்பை ஏற்ற ஒவ்வொருவரும் ஓர் 'ஆத்துமா' என்று முதல் கூட்டத்திலேயே ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள்.

ஆத்துமாக்கள் குவிந்தன. நாகர்கோவிலிலிருந்து வந்தன, பாளையங்கோட்டையிலிருந்து வந்தன, துபாயிலிருந்தும் வந்தன. ஒரே ஒரு சின்னச் சங்கடம்: எல்லா ஆத்துமாக்களும் ஏற்கெனவே கிறிஸ்தவ ஆத்துமாக்கள். அவர்களும் அவரவர் ஊரில் பணிக்குழு வைத்திருந்தார்கள். இவர் அவர்களுக்கு வசனம் அனுப்ப, அவர்கள் இவருக்கு வசனம் அனுப்ப, இரட்சிக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் இடைவிடாமல் இரட்சித்துக்கொண்டிருந்தார்கள். மின்வெட்டு நேரத்தில் மட்டும் உலகம் கொஞ்சம் தத்தளித்தது.

ஒருநாள் பெர்னார்டோ என்பவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இங்கிலீஷ் எழுத்து, ஆனால் இங்கிலீஷ் இல்லை. அகஸ்டின் எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"சார், இது ஆவியானவர் இறங்கிப் பேச வைக்கிற அந்நிய பாஷை வரம்!"

"ஏலே, கம்ப்யூட்டர்லயுமா இறங்கும்?"

"ஏன் சார் இறங்காது? பிராட்பேண்ட் போட்டுருக்கோம்ல!"

இருவரும் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னார்கள். பெர்னார்டோ பிரேசில்காரர், அது அவர் வீட்டில் பேசுகிற சாதாரணப் பாஷை என்பது பிறகு தெரியவந்தது. அதனால் அந்தப் பரவசத்துக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

இந்த நிலையில்தான் சபைக் கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தது. பண்டிகை என்றால் அசனம், அதாவது சபை ஊருக்கு வைக்கும் பொதுச் சாப்பாடு. தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் கேட்டைப் பூட்டியிருக்கும் நேரம். கோயிலுக்கு எதிர்த் தெருவில் எல்லாரும் கம்பெனி வேலைக்காரர்கள், எல்லாரும் இந்துக்கள். வேலை இல்லாத அந்த நாட்களில் அசனச் சோறு அவர்களுக்கு வெறும் விருந்தல்ல.

அதற்கு ஒரு முறை உண்டு. பண்டிகைக்கு முந்தின வாரம் யோபுவும் அவர் மனைவி ஞானபூரணியும் எதிர்த் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கி, "அசனத்துக்கு வந்துருங்க, அன்னைக்கி அடுப்பு மூட்டாதீக" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தைதான் அழைப்பு. முந்தின நாள் சாயங்காலம் சோலையம்மாள் தன் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு, தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு காய் நறுக்க வருவாள். மறுநாள் முதல் பந்தி அந்தத் தெருவுக்குத்தான். சபையார் பரிமாறிவிட்டுத்தான் உட்காருவார்கள்.

"இந்த வருசம் தெருவுக்கு யாரு போறீக?" என்று போதகர் தங்கச்சாமி கேட்டார். ஞானபூரணி நர்ஸ். அந்த வாரம் அவளுக்குக் காரியாபட்டியில் மருத்துவ முகாம்.

யோபு புன்னகைத்தார். "ஐயா, இன்னுமா தெருத் தெருவா அலையணும்? இப்ப உலகமே ஒரு தெருவாயிட்டு. அம்புட்டுப் பேரையும் ஆர்குட்ல கூப்பிடப் போறோம்."

'உலக அசனம் 2008' என்று அறிவிப்பு வெளியானது. ஜாதி, மதம், தேசம் பாராமல் அனைவரும் வரலாம் என்று போட்டிருந்தார். சிவகாசியில் அச்சடித்த சாமி காலண்டரைவிட அதிகமான பூக்கள் அதில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மைக்கைப் பிடித்து, "இந்த வருஷம் உலகத்தையே அழைத்திருக்கிறோம்" என்று முழங்கினார். ஒலிபெருக்கி எதிர்த் தெருவைப் பார்த்துத்தான் கட்டியிருந்தது.

பதில்கள் கொட்டின. துபாய் "ஆமென்" என்றது. நாகர்கோவில் கைகூப்பியது. பெர்னார்டோ, இந்த முறை இங்கிலீஷில், "கட்டாயம் வர ஆசை, எந்த விமான நிலையத்தில் இறங்க வேண்டும்?" என்று கேட்டார். "மதுரையில் இறங்கி சிவகாசி பஸ் பிடிக்கவும்" என்று யோபு வழி சொன்னார்.

காரியாபட்டியிலிருந்து ஞானபூரணி போன் பண்ணினாள். "என்னங்க, தெருவுக்குச் சொல்லியாச்சா?"

"எல்லாருக்கும் சொல்லியாச்சு."

எல்லாரும் என்றால் எல்லாரும்தானே. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

முந்தின நாள் சாயங்காலம் அரிவாள்மணை வரவில்லை. பணிக்குழுவே வெங்காயம் உரிக்க உட்கார்ந்தது. இருவர் கண்களிலும் தாரை தாரையாகக் கண்ணீர் வழிந்ததைக் கண்ட ஒரு மூதாட்டி, சபையில் மனந்திரும்பி அழும் எழுப்புதல் வந்துவிட்டதென்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டு போனாள்.

பண்டிகை அன்று ஆராதனை முடிந்தது. பந்தலில் இலை போட்டார்கள். கறிக்குழம்பு அண்டாவில் ததும்பியது. முதல் பந்தி மட்டும் வரவே இல்லை. சபையார் வாளியும் கரண்டியுமாக நின்றார்கள். ஒரு ஆடு வந்து கடைசி இலையைத் தின்றுவிட்டுப் போனது. உலகத்தின் சார்பில் அது ஒன்றுதான் வந்திருந்தது.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் யோபு. "தூரத்திலருந்து வாரவுகளுக்கு முன்னப்பின்ன ஆகும்."

ஞானபூரணி முகாம் முடிந்து பையும் கையுமாகப் பந்தலுக்குள் வந்தாள். வெறும் இலைகளைப் பார்த்தாள். "சோலையக்கா எங்க?"

"தெரியல."

"நேத்து காய் நறுக்க வந்தாகளா?"

"வரல."

"நீங்க போய்க் கூப்பிட்டீகளா?"

யோபு அண்டாவைப் பார்த்தார். ஞானபூரணிக்கு விளங்கிவிட்டது. "வருசத்துக்கு ஒருநாச் சோறு. அதுக்கு ஒருநா நடக்க உங்களுக்குக் கால் இல்லையா? போங்க, இப்பமே போங்க" என்றாள். நர்ஸ் குரல். ஊசிக்குக் கையை நீட்டச் சொல்லும்போது அப்படித்தான் சொல்வாள்.

பிரேசில் வரை போன யோபு, தெருவைத் தாண்டினார். வெகுநாளைக்குப் பிறகு நடப்பதால் செருப்பே அவருக்குப் புதிதாக இருந்தது. சோலையம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். பேரப்பிள்ளைகள் இரண்டும் அவள் மடியில் சாய்ந்து கிடந்தன.

"வாங்க சார். உக்காருங்க."

"என்னக்கா, அசனத்துக்கு வரலையா?"

"யாரும் கூப்பிடலயே."

"மைக்குல சொன்னேனே? கேக்கலியா?"

"கேட்டுச்சு சார். ஒலகத்தக் கூப்பிட்டீக. பெரிய எடத்து விருந்தாளுக வாராக, நம்ம ஊடால எதுக்குன்னு இருந்துட்டோம். கூப்பிடாத பந்தியில உக்காந்து எங்களுக்குப் பழக்கமில்ல."

"தப்பா நினைக்காதீகக்கா. எல்லாம் உங்களுக்குத்தான். எந்திரிங்க, வாங்க."

சோலையம்மாள் எழுந்திருக்கவில்லை. அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சார், ஒண்ணு கேக்கேன், கோவிக்கப்பிடாது. ஒலகம் வந்திருந்தா எங்களக் கூப்பிட வந்திருப்பீகளா?"

எந்தக் கண்டத்திலிருந்து எந்தக் கேள்வி வந்தாலும் ஐந்து நிமிடத்தில் வசனத்தோடு பதில் போடுகிற யோபு, அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் வெந்துபோயிற்று. இந்த வாசலில் எத்தனை முறை காப்பி குடித்திருக்கிறோம் என்று நினைத்தார், தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

சின்னப் பேத்தி சிணுங்கினாள். "ஆச்சி, பசிக்கி."

"பிள்ளைக இன்னுமா சாப்பிடல?" என்று யோபு பதறினார்.

"எப்பிடியும் சார் வருவாக, ஒரு வார்த்த சொல்லுவாகன்னு காலையில இருந்து பாத்துக்கிட்டே இருந்தோம்." சோலையம்மாள் பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானையை உதறி எழுந்தாள். "நாங்க வாரோம் சார், உங்க முகத்துக்காக. ஆனா எங்க வீட்டோட திரும்பிராதீக. கடைசி வீடு வரைக்கும் நடங்க. தெருவுல ஒருத்தரும் இன்னைக்கி அடுப்பு மூட்டல."